பரிகாரம்

"மகனுக்குப் பரிகாரம் தேவை" என்று அவனுக்குப் படிப்பிக்கும் சிஸ்ரர் சொன்னதும் நான் நேரே மடத்துவெளி முருகன் கோயில் ஐயரிடம் ஓடினேன். எங்கள் வீட்டில் பரிகாரம் என்றால் எள்ளெண்ணெய் விளக்கு. ஐயர்தான், "அது பரிகாரக் கற்பித்தலாயிருக்கும், அவையிட்டையே போய்க் கேளும்" என்று திருப்பி அனுப்பினார். வந்ததற்கு விபூதி பூசிக்கொண்டு திரும்பினேன்.

மகன் தரம் ஐந்து. படிப்பது ஒரு றோ.க. (றோமன் கத்தோலிக்க) பள்ளிக்கூடம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இப்படியான மிசன் பள்ளிகள் பெரும்பாலும் அரசாங்கத்திடம் போய்விட்டாலும், பெயர்ப்பலகையில் அந்த இரண்டு எழுத்தும் அசையாமல் நிற்கின்றன.

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் முதல் தாளுக்கு 40 கேள்வி, இரண்டாம் தாளுக்கு 60. நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில் கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தூக்கிவிட வந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் படிப்பது நான். யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் மாதிரி வினாத்தாள் ஒரு கட்டோடுதான் வாணர் பாலத்தைத் தாண்டி எங்கள் தீவுக்கு வருவேன். மகனின் மொத்தப் புள்ளியைப் பார்ப்பேன், போன வருட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடுவேன், கத்துவேன். என் கற்பித்தல் முறை அவ்வளவுதான்.

அப்பாவிடம் ஒருநாள் இதை 'தரப்படுத்திய பரீட்சை' என்று விளக்கப் போனேன். 1970களில் பல்கலைக்கழக வாசலில் அனுமதிப் புள்ளித் தரப்படுத்தலால் தடுக்கி விழுந்த மனிதர். "திரும்பவும் கொண்டுவந்திட்டாங்களோ?" என்று வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

ஐயர் சொன்னபடி பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டேன். சிஸ்ரர் ஒரு கொப்பியை விரித்தார். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே கேள்வி இலக்கம், பிழைத்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.

"கூட்டுத்தொகையை நான் பிறகுதான் பார்ப்பன். ஒரு கேள்விக்கு வகுப்பே சிவப்பெண்டால் நான் படிப்பிச்சதில பிழை, அடுத்தநாள் திரும்பப் படிப்பிப்பன். நாலு பேர் மட்டுமெண்டால் அந்த நாலு பேரையும் புறம்பா இருத்துவன்."

நாலில் ஒருவன் என் மகன். கேள்வி இதுதான்: 11.50க்குப் புறப்பட்ட படகு 12.10க்குக் கரை சேர்ந்தது, எடுத்த நேரம்? மகனின் விடை 60 நிமிடம்.

"கழிக்கேக்க நூறு கடன் வாங்கிறான். அறுபதெல்லோ வாங்கவேணும்? வீட்டில ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

நான் கூரையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் செய்து பார்த்தேன். 60. திரும்பவும் செய்தேன். 60. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, குறிகட்டுவானிலயிருந்து நயினாதீவுக்குப் போகவே அவ்வளவு நேரமில்லை. இந்தப் படகை ஆரும் தள்ளிக்கொண்டு போனவையோ?"

மறுநாள் பின்னேரம் மகனைப் பரிகார வகுப்புக்குக் கூட்டிப் போனேன். மழை வரும்போலிருக்கிறது என்று சாட்டுச் சொல்லிக் கடைசி வாங்கில் இருந்தேன். வானத்தில் ஒரு மேகமில்லை. சிஸ்ரர் அட்டையில் வெட்டிய மணிக்கூடுகளைக் கொடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் நாலு பேர். அவர் கையில் மணிக்கூடு ஐந்து.