டிலக்ஷிகா: ஒரு பெயரிலக்கணம்

மருமகன் இறம்பொடையிலிருந்து கூப்பிட்டான். பெண் குழந்தை, நட்சத்திரம் ஆயில்யம். "மாமா, ஐயரு டி, டு, டே, டோவுல வைக்கச் சொல்லிட்டாரு. நீங்க தமிழ் படிச்சவரு, ஒரு பேர் சொல்லுங்க." தமிழ் படித்தவனிடம் டகரத்தில் பேர் கேட்பது, சைவக்காரனிடம் கருவாட்டுக் குழம்புக்குப் பக்குவம் கேட்பது போல. மூன்று நாள் தவணை கேட்டேன். இரண்டாம் நாளே டிலக்ஷிகா என்று வைத்துவிட்டார்கள். ஆராய்ச்சி மிஞ்சிவிட்டது. அதை எழுத்து, சொல், பொருள் என்று தொல்காப்பிய முறைப்படி வகுத்துத் தருகிறேன்.

எழுத்து. டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம். ரகரத்துக்கும் லகரத்துக்கும் அதே தடைதான். ஆனால் நன்னூலார் அவற்றின்மேல் இரங்கி, முன்னால் ஓர் உயிரெழுத்தை ஊன்றுகோலாகக் கொடுத்தார். ராமன் இராமனானான், லாபம் இலாபமாயிற்று. பேச்சில் றம்பொட என்று ஓடுகிற ஊரும் எழுத்தில் இறம்பொடை என்று கோலூன்றியே நிற்கிறது. (இராமன் படை தங்கியதால் வந்த பேர் என்று அனுமார் கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். அப்படியானால் றகரம் எப்படி வந்தது என்று அங்கே போய்க் கேட்கக் கூடாது.) டகரத்துக்கு மட்டும் நன்னூலில் கோல் இல்லை.

பஞ்சாங்கத்துக்கு நன்னூல் தெரியாது. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு அது ஙகரத்தைக்கூட ஒதுக்கியிருக்கிறது. ஙகரத்தை மொழிக்கு முதலில் வைக்க நன்னூலே இடம் கொடுத்தும், ஙவில் தொடங்கும் பேரோடு ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. டகரம் மட்டும் பிழைத்துக்கொண்டது. அதில் ஒரு சௌகரியமும் உண்டு. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். டி, டு இரண்டும் பூரத்துக்கும் உண்டு. இருபத்தைந்து வருஷம் கழித்துப் பெண் பார்க்க வருகிறவர்களிடம், "பூரமுங்க" என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொல். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். டிலக்ஷிகா இயற்சொல் அன்று. வடசொல் என்றால் வடமொழி அகராதி கையை விரிக்கிறது. திசைச்சொல் என்றால் எந்தத் திசை? சிங்களத்தில் டில்ருக்ஷியும் டிலானியும் உண்டுதான், ஆனால் இவள் அவர்களுக்குத் தூரத்து ஒன்றுவிட்ட தங்கை. ஆகவே ஐந்தாவதாகச் சோதிடச்சொல் என ஒன்று கொள்க.

இனிப் பிரித்துப் பார்ப்போம். டி + லக்ஷ் + இகா. பகுதி ஐயர் கொடுத்தது. விகுதி ஊர் கொடுத்தது. நாயகனுக்கு நாயிகா, பாலகனுக்கு பாலிகா என்று வடமொழியில் பெண்பாலுக்கு வரும் இகாதான் அது. இலங்கையில் பெண்கள் பள்ளிக்கூடப் பலகைதோறும் பாலிகா இருக்கிறாள். முன்னால் ஒரு ஷகரம் ஒட்டியதும் அது ஷிகா ஆகிவிடுகிறது. தர்ஷிகா, சதுர்ஷிகா, நிதர்ஷிகா. தனியே எடுத்தால் ஷிகா என்பது சிகை, அதாவது குடுமி. இந்தப் பிள்ளைகள் எல்லாரும் பேருக்குப் பின்னால் ஒரு குடுமியோடுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆசிரியை "ஷிகா" என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும்.

இது பரவியதற்குக் காரணம் யாப்பு. அக்கா தர்ஷிகா என்றால் தங்கை வேறு எதில் முடிவாள்? இறுதி ஒன்றி வருவதை இயைபுத் தொடை என்பார்கள். இன்றைக்கு அது கவிதையில் இருப்பதைவிடக் குடும்ப அட்டையில் அதிகம். தம்பி பிறந்தால் டிலக்ஷன். யாழ்ப்பாணத்திலும் டொரன்டோவிலும் இதே தொடைதான். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மட்டும் அடியில் வேறு படிவுகள் கிடக்கின்றன. ஆயிக்காலம்: மாரியாயி, கருப்பாயி, ராமாயி. அதன்மேல் ராணிக்காலம்: புஷ்பராணி, ஜெயராணி. பிறகு இனிக்காலம்: சுகந்தினி, தர்ஷினி. இப்போது இகாக்காலம். ஒரே லயத்துக் காம்பிராவில் நான்கு காலமும் சேர்ந்து தேத்தண்ணி குடிப்பதைப் பார்க்கலாம்.

ஆயிக்காலத்துப் பேர்களை எழுதியவர்கள் அந்தப் பேருக்கு உரியவர்கள் அல்லர். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி செக்றோல் பதிவேட்டில் எழுதினார், கிளாக்கரையா ஆங்கிலத்தில் வேறு மாதிரி எழுதினார். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்தது. எல்லாம் கடதாசியில் நடந்த காரியம். அந்தக் கடதாசிகளில் ஒரே கருப்பாயி மூன்று விதமாக இருந்தாள். அவளுடைய கொள்ளுப்பேத்திக்கு, ஆங்கிலத்தில் க்ஷ-வை எக்ஸ் போட்டு எழுதுவதா, வேறு மூன்று எழுத்துப் போட்டு எழுதுவதா என்று பதிவுக்காரரே தடுமாறும் பேரை வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த முறை எழுத்துக்கூட்டிச் சொன்னது பிள்ளையின் அம்மா. பதிவுக்காரர் அவள் சொன்னபடி எழுதினார்.

பொருள். கிடையாது. பொருட்காரணம் இல்லாமல் இட்ட பேரை இடுகுறிப்பெயர் என்று இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது. மரம், மலை எல்லாம் இடுகுறிதான். மலைக்குப் பொருள் கேட்காதவர்கள் மலையில் பிறந்த பிள்ளையின் பேருக்கு மட்டும் பொருள் கேட்பது என்ன நியாயம்?

தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கே வேறொரு பொருள் உண்டு. ஒரு நாள் சம்பளம் ஒரு பேர். குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள். மழை பெய்ததா, அட்டை கடித்ததா, மலையில் கொழுந்தே இல்லையா என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது.

பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே எஞ்சியிருப்பது இடைநிலை. பெயர் வைத்த வாரம் இறம்பொடைக்குப் போயிருந்தேன். அருவிச் சத்தம் லயம்வரை கேட்டது. பிள்ளையின் அப்பாயி லெட்சுமி, முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு "திலச்சிகா, திலச்சிகா" என்று கொஞ்சினார். டகரமும் இல்லை, ஷகரமும் இல்லை. தொல்காப்பியர் சொன்னதை அந்த வீட்டில் கடைப்பிடிப்பவர் அவர் ஒருவர்தான்.

மருமகன் அவரைக் குளிர்விக்க நினைத்து, "ஆத்தா, ஒம் பேரத்தான் நடுவுல வச்சிருக்கோம். லட்சுமியில 'லக்ஷ்' மட்டும் எடுத்திருக்கோம்" என்றான்.

அப்பாயி நிமிர்ந்து பார்த்தார். "இங்கயும் எனக்கு அரைப் பேருதானா?"