மில்லை விடப்போகிறவர்

ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் முழு நைட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு காலை ஒன்பது வாக்கில் மில் பஸ் சங்கரன்கோவிலுக்குள் வரும். இறங்குகிறவர்களின் புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எல்லோரும் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டுவார்கள். ஒருத்தர் மட்டும் டீக்கடைக்குள் நுழைவார்.

“அண்ணாச்சி, ஒரு டீ. இந்த மாசத்தோட நின்னுருதேன்.”

“சீனி தூக்கலாவா?” என்பார் கடைக்காரர். இந்தச் செய்தியை அவர் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்.

இவரைத்தான் நான் ‘விடப்போகிறவர்’ என்கிறேன். ஷிப்டுக்கு ஒருத்தராவது இப்படி உண்டு. வேலையை விட்டவர் வேறு சாதி, விடாதவர் வேறு சாதி. இவர் இரண்டிலும் சேரமாட்டார். சட்டைப் பையில், இ.எஸ்.ஐ. அட்டையோடு சேர்த்து, பாலிதீன் உறைக்குள் ஒரு ராஜினாமாக் கடிதம் வைத்திருப்பார். ‘மதிப்பிற்குரிய ஐயா’வில் தொடங்கி ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ வரை எல்லாம் எழுதியாகிவிட்டது. தேதி மட்டும்தான் பாக்கி.

மில்லை விடுவது பரம ரகசியம். மேஸ்திரி காதுக்குப் போகக்கூடாது என்று நம்மிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொல்லுவார். ஆனால் ரிங் பிரேம் இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்று பழகிய தொண்டை. ரகசியம் பேசினால் எதிர்த்த பிளாட்பாரத்தில் பூக்கட்டுகிற அம்மாள் நிமிர்ந்து பார்ப்பாள். பக்கத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரே மேஸ்திரியாக இருந்ததும் உண்டு. அவர் பேப்பரை மடித்து, “விடுறதுதான் விடுதீரு, நாளைக்கு டபுள் டூட்டி பார்த்துட்டு விடும்வே” என்றார். இவரும் பார்த்தார்.

பேசும்போது கையைக் கவனிக்க வேண்டும். வலது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சும்மா இருக்காது. காற்றில் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். அறுந்த இழையை ஒட்டுகிற வேலை அது. வாய் மில்லை விட்டுப் பேசினாலும் விரல் இன்னும் ஷிப்டில்தான் இருக்கிறது.

ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு அவரிடம் ஒரு பஞ்சாங்கமே இருக்கிறது. தீபாவளி நெருங்கினால், “போனஸ் வாங்காம எவனாவது விடுவானா?” போனஸ் வந்ததும் பொங்கல் வரை பார்ப்போம் என்பார். பொங்கல் போனால் பிள்ளைக்குப் பரீட்சை, பரீட்சை போனால் ஆடித் தபசு. தபசுக்கு ஊரே கூடி நிற்கையில் வேலையில்லாதவன் என்று சொந்தக்காரர்கள் முன் எப்படி நிற்பது? ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி என்றார், முடிந்தது. அதன்பின் யாரோ கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் சேருமாம். அந்தக் கணக்கைச் சொன்னவன் நாசமாய்ப் போக! இன்றைக்கும் அது ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஒரே ஒரு முறை நிஜமாகவே தேதி போடப் பார்த்தார். 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது. “எட்டு மணி நேரமே என்னால முடியல” என்று பேனாவைக் கையில் எடுத்தார். எதிர்ப்பு கிளம்பவே, மே தினத்தன்று அந்த மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பேனாவும் பைக்குத் திரும்பியது.

போகிற இடத்துக்குப் பஞ்சமே இல்லை. மல்லிகை ஏவாரம் என்றார். விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்ததும், “அதுவும் முழு நைட்தானல” என்று விட்டுவிட்டார். பிரியாணிக் கடை என்றார். சுல்தான் பிரியாணி இருக்கிற ஊரில் இவர் அண்டாவை எங்கே இறக்குவது? தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்ப்யூட்டர் கம்பெனி வந்தது. அங்கே பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வேலை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மவுஸ் வாங்கினார். கம்ப்யூட்டர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று.

கடைசியில் எல்லா வண்டியும் வந்து நிற்கிற இடம் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு. பத்தாம் வகுப்புப் போதும், நேர்முகம் கிடையாது, ராத்திரி வேலை கிடையவே கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தமிழில் 40 சதவீதம் தாண்டாவிட்டால் மீதித்தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கேள்வித்தாளின் அமைப்பை இவ்வளவு அறிந்தவர் ஜில்லாவில் இல்லை. விடைகள்தான் சற்று இழுபறி. மகளின் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் மில் பைக்குள் போய்விட, அந்தப் பிள்ளை பரீட்சைக்கு முதல் நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியது.

2024 ஜூன் 9 அன்று 6,244 இடங்களுக்கான தேர்வு. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் இவரும் ஒருத்தர். முந்தின நாள் அரை நைட். நள்ளிரவில் ஷிப்டு விட்டு வீடு வந்து, இரண்டு மணிக்கு மேல் புத்தகத்தைத் திருப்பினார். காலையில் ஹாலில் உட்கார்ந்தார். ஒரு இரைச்சல் இல்லை, தலைக்கு மேலே காத்தாடி. அவ்வளவு அமைதி அவருக்குப் பழக்கமில்லை. தூங்கிவிட்டார்.

சிரிக்கலாம். ஆனால் நூல் அறாமலிருக்க ஈரக்காற்றை அடித்து வைத்திருக்கும் அந்தக் கூடத்தில், விடியற்காலை மூன்று மணிக்கு, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு பிரேம் பிரேமாக நடக்கிறவன் எதையாவது நினைத்துக்கொண்டுதானே நடந்தாக வேண்டும்? இவர் தாலுகா ஆபீஸ் நாற்காலியை நினைக்கிறார். மில் முதலாளிக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, லாபம்தான்.

உண்மையில் விட்டவன் வேறு ஒரு பையன். இவருக்குப் பக்கத்துப் பிரேம். டீக்கடைக்கு வந்ததில்லை, யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் ஆளைக் காணோம். இப்போது பக்கத்துத் தாலுகா ஒன்றில் இளநிலை உதவியாளர். “அவன் படிச்சதே எம் நோட்டுலதான் மாப்ளே” என்கிறார் நம்மவர். ஜம்பம் என்று நினைத்தேன். பையனே ஒரு நாள் சொன்னான்: அது நிஜம்.

அவரை எங்காவது கண்டால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவு ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். அவருடையது முடிந்துபோயிற்று, 150 ரூபாய் கட்ட வேண்டும். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், மெதுவாகச் சொன்னால் அவர் காதில் விழாது.