தாத்தா எங்கே ஒளிந்திருந்தார்?

கேள்வி: அப்பா, அம்மாவிடம் இல்லாத தாத்தாவின் அம்சம் பேரனிடம் வருவது எப்படி?

பதில்: ஒரு தலைமுறை ஒளிந்திருந்துவிட்டு வெளியே வருகிறது! பட்டாணிச் செடியில் இதைக் கண்டவர் கிரிகோர் மெண்டல் என்ற துறவி. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அடுத்ததில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அம்மா தருவது ஒன்று, அப்பா தருவது ஒன்று என மரபணுக்கள் பெரும்பாலும் ஜோடியாக வருகின்றன. ஜோடியில் ஓங்கியது முன்னே நிற்கும். ஒடுங்கியது மறைந்திருக்கும், அழியாது. ஒடுங்கியவை இரண்டு சேர்ந்தால் வெளியே தெரியும். முகச்சாயல் போன்றவற்றிலோ பல மரபணுக்கள் கூட்டாக வேலை செய்கின்றன. ஆகவே, குழந்தை யார் பக்கம் என்று சம்பந்திகள் வாதாட வேண்டாம். பாதி அம்மா, பாதி அப்பா!