இலக்கு என்னுது, வேலை உங்களுது

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் என்னிடமிருந்து கொஞ்சம் ஒதுங்கியே நடமாடுவார்கள். நான் புது வருஷத்துக்கு இலக்கு நிர்ணயிக்கிற நேரம் அது. வங்கியில் கெஞ்சி வாங்கிய டைரியின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ‘எடைக் குறைப்பு: 8 கிலோ’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டால் என் பங்கு முடிந்தது. மிச்சம் வீட்டார் பாடு.

வரகு, சாமை, தினை, குதிரைவாலி நான்கையும் கடைக்குப் போய் வாங்கி வந்தது நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் குதிரைவாலியில் கல் பொறுக்கி, ஊறவைத்து, பதம் பிடிபடாமல் ஒருநாள் களியாகவும் மறுநாள் நறநறவென்றும் வடித்து, தண்ணீர் அளவைத் தன் தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டது என் மனைவி. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. எங்கள் தெருவில் அந்த அறிவிப்பை மதித்து நடந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். எனக்குக் குதிரைவாலி, பிள்ளைகளுக்கு அரிசிச் சோறு, அம்மாவுக்குக் குழைய வடித்த ரசம் சாதம். “ஒருத்தன் இளைக்கிறதுக்கு மூணு குக்கராடா?” என்று அம்மா கேட்டாள். பங்குனியில் நிறுத்துப் பார்த்தபோது எடை குறைந்துதான் இருந்தது. எனக்கில்லை, மனைவிக்கு.

விடியற்காலை எழுவதும் இப்படித்தான். ஐந்து மணிக்கு அலாரம் வைப்பது நான். அது அடித்ததும் எழுவது அம்மா. ‘அதை யாராவது அணைச்சுத் தொலைங்களேன்’ என்று கத்துவது மகள். அணைத்துவிட்டு என்னை உலுக்குவது மனைவி. என்னைத் தவிர எல்லோரும் எழுந்துவிடுவதால், சராசரி பார்த்தால் அந்த இலக்கும் நிறைவேறியதாகத்தான் கொள்ள வேண்டும்.

அப்புறம் நடை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்பது மருத்துவ நிபுணர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1965இல், ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொண்டால் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்க ஆரம்பித்தது. எடுப்பாக இருக்கட்டுமே என்று பத்தாயிரத்தைக் கருவியின் பெயரிலேயே சேர்த்துவிட்டது. அதைத்தான் உலகம் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் அமெரிக்காவில் வயதான பெண்கள் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரைக் கவனித்துவிட்டு, ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் நடப்பதால் ஆயுளுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை என்று எழுதினார்கள். இதைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டினேன். “நீங்க இப்ப எவ்வளவுப்பா?” என்றாள் மகள். இந்த மாதிரிக் கேள்விகளால்தான் பிள்ளைகளோடு விஞ்ஞானம் பேச முடிவதில்லை.

அடிகளை எண்ணும் என் கைப்பட்டைக்கு மட்டும் என்மேல் தனி மரியாதை. சாயங்காலம் கிரிக்கெட் ஆடப் போகும் பையன் மணிக்கட்டில் அதைக் கட்டி அனுப்பினால் இருட்டுவதற்குள் கணக்கு நேராகிவிடும். அவன் வேகப் பந்து வீச்சாளன். நான் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே என் போன் அலறி, ‘இதயத் துடிப்பு அபாரம், வாழ்த்துகள்’ என்று சொல்லும். பக்கத்தில் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். தங்கை வீட்டுக்காரர் வருஷம் பூரா சிகரெட்டை விடப் பாடுபடுவார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட நொடியில் விட்டுவிடுவார். சபரிமலை விரதம் 41 நாள். கேட்டால் ஐயப்பன் அருள் என்பார். அருள் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 41 நாளும் நாலு மணிக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, வீடு மெழுகி, வெங்காயம் பூண்டு நீக்கி, சாமிக்குத் தனிப் பாத்திரம் தேய்த்து, கன்னி பூஜை அன்று வந்திறங்கும் அத்தனை சாமிகளுக்கும் வடை தட்டுவது என் தங்கை. விரதம் வீட்டில் எல்லோருக்கும். மாலை மட்டும் ஒருத்தர் கழுத்தில். “சாமி, மலைக்குப் போயிட்டு வந்தப்புறமும் இப்படியே இருந்துடலாமே” என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மாலையைக் கழற்றிய கையோடு சாமி கிளம்பிப் போனது தெருமுனைப் பெட்டிக்கடைக்கு.

பிள்ளை டாக்டராக வேண்டும் என்று அப்பாமார்கள் வைத்துக்கொள்ளும் இலக்கைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் நீட் எழுதுவது யார் என்பது ஊருக்கே தெரியும்.

இதற்கெல்லாம் ஒரு சாஸ்திர ஆதாரம் அலுவலகத்தில் கிடைத்தது. அப்ரைசலுக்கு முன்னால் எங்களையெல்லாம் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, இலக்கு ‘ஸ்மார்ட்’டாக இருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், எட்ட முடிய வேண்டும், இத்தியாதி. பிஸ்கட் நன்றாக இருந்ததால் வீட்டுக்கு வந்து மேற்கொண்டு படித்தேன். 1981 நவம்பரில் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்க ஆலோசகர் நிர்வாகப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையில் வந்தது அது. ஆனால் டோரனின் ஐந்து நிபந்தனைகளில் ‘எட்ட முடிய வேண்டும்’ கிடையாது. அந்த இடத்தில் அவர் வைத்திருந்தது, யார் செய்யப்போகிறார்கள் என்று குறிப்பிட வேண்டும் என்பது. அவர் கம்பெனிகளுக்காக எழுதியவர். அங்கே இலக்கு வைப்பவர் மேலே இருப்பார், செய்பவர் கீழே இருப்பார், அதனால் ஆள் பெயரை எழுதியே ஆக வேண்டும். பிற்பாடு வந்த பயிற்சியாளர்கள் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிவிட்டார்கள். குடும்பஸ்தர்களாக இருந்திருப்பார்கள்.

இவ்வளவு சுவாரஸ்யமான விஷயத்தை வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன். அவள் பொதுவாக இலக்கு கிலக்கு என்று பேசுகிறவள் இல்லை. நகைக்கடையில் மாதாமாதம் சீட்டுக் கட்டுவாள், பதினோராம் மாதம் முடிந்ததும் போய்த் தோடு வாங்கிக்கொண்டு வருவாள். டைரி, கோடு எதுவும் கிடையாது. அன்றைக்கு மட்டும் கீரையைக் கீழே வைத்துவிட்டு, “யார் செய்யணும்னு பேர் எழுதணுமாங்க?” என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு என் டைரியையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பது. மூன்று மின்விசிறிகளைக் கழற்றித் துடைப்பது. கொல்லைக் குழாய்க்கு வாஷர். ரேஷன் கடையில் கைரேகைப் பதிவு. அம்மாவின் ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ்வுச் சான்று. எல்லாம் படு தெளிவு, எல்லாவற்றையும் அளக்கலாம். கடைசித் தேதி போகி. ‘யார்’ என்ற இடத்தில் முதல் வரியில் மட்டும் என் பெயரை எழுதிவிட்டு, கீழே வரிசையாக ‘மேற்படியார்’, ‘மேற்படியார்’ என்று போட்டிருந்தாள். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லா வரியையும் அடித்துவிட்டோம்.

பயிற்சி வகுப்பு எடுக்கும் மனிதவளத் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘எட்ட முடிய வேண்டும்’ என்றே சொல்லிக்கொண்டிருங்கள். டோரன் முதலில் என்ன எழுதினார் என்பதை மட்டும் வெளியே விடாதீர்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமாகியிருக்கும்.