படை திரும்பியதா?

கேள்வி: கொரோனா என் பேரனை ஒரு தும்மலோடு விட்டுவிட்டது. இனி அது பிள்ளைகளை ஒன்றும் செய்யாது அல்லவா?

பதில்: போனது வைரஸ், அதை விரட்டக் கிளம்பிய படை திரும்பிவிட்டதா?

2020 ஏப்ரலில் லண்டன் மருத்துவமனைகளுக்கு விடாத காய்ச்சல், கடும் வயிற்றுவலி, சிவந்த கண்கள், சரியும் இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு கொண்டுவரப்பட்ட குழந்தைகள் பலருக்கு மூக்குச் சளிப் பரிசோதனையில் வைரஸ் அகப்படவில்லை. ஆனால் அது வந்துபோனதற்குச் சான்றான எதிர்ப்பான்கள் இரத்தத்தில் இருந்தன. தொற்று தணிந்து 2 முதல் 6 வாரங்களுக்குள் நோயெதிர்ப்பாற்றல் கட்டுமீறி இதயம், குடல், தோல் எனச் சொந்த உறுப்புகளையே புண்படுத்தும் இந்நிலை, பல்லுறுப்பு அழற்சி நோய்த்தொகுப்பு எனப்படுகிறது. ஜப்பானிய மருத்துவர் தோமிசாக்கு கவாசாக்கி 1967இல் விவரித்த, இதயத் தமனிகளை வீங்கச் செய்யும் குழந்தை நோயை இது பெரிதும் ஒத்திருந்ததால், அதற்குரிய இம்யூனோகுளோபுலின் மருந்து சிரைவழி ஏற்றப்பட்டு, ஸ்டீராய்டும் சேர்க்கப்பட, பெரும்பாலான குழந்தைகள் தேறினர்.

இது அரிதாகவே வரும். ஆயினும் வயிற்றுவலி முந்திக்கொள்வதால் குடல்வால் அழற்சியென்று தவறாகக் கருதப்பட்ட குழந்தைகளும் உண்டு என்பதால், அண்மையில் வந்துபோன சளிக்காய்ச்சலையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.