தண்ணிதானே மாமா!

வா மாப்ளே. செகண்ட்ல வாங்குன வண்டின்னு யாராவது சொல்ல முடியுமா? சீட்டுக்குப் புதுக் கவரு, பின் கண்ணாடியில கருப்பசாமி துணை, பம்பர்ல திருஷ்டிக் கயிறு, உள்ள ஏறுனா மல்லிகைப்பூ சென்ட்டு. இந்தச் சித்திரை வெயில்ல குடும்பத்தோட கொடைக்கானலுக்குக் கிளம்புறியாமே, சந்தோசம். பானட்டைத் தூக்கிப் பாத்தியாடான்னா, "தண்ணி ஊத்திட்டேன் மாமா"ங்கிற. என்ன தண்ணின்னு கேட்டா, "போர்த்தண்ணி. தண்ணிதானே மாமா!"

நல்ல காரியம் செஞ்ச. நம்ம ஊரு போர்த்தண்ணியில சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வெந்நி போடுற ஹீட்டர் கம்பியில ஆறே மாசத்துல வெள்ளை வெள்ளையாப் பக்குக் கட்டிருது. அதே பக்கு இஞ்சினுக்குள்ளயும் ரேடியேட்டர் குழாய்லயும் கட்டட்டுமே, என்ன இப்ப? சூடு வெளிய வராது, ஹெட்டு வளையும், கேஸ்கட் போகும். லேத்துப் பட்டறைக்காரனும் புள்ளகுட்டிக்காரன், அவனும் பொழைக்கணும்ல?

நீ எங்க காலத்து ஆயில் இஞ்சின நெனச்சுக்கிட்டுப் பேசுற. கிணத்துல இறைக்கிற தண்ணியிலேயே ஒரு சின்னக் குழாயைப் பிரிச்சு இஞ்சினுக்குள்ள விட்டிருப்போம். அது உள்ள சுத்தி மறுபக்கம் வெதுவெதுன்னு வாய்க்கால்ல விழும். மார்கழிக் குளிருக்கு அதுல குளிச்சவங்கதான் நாங்க. அந்த இஞ்சினுக்கு எந்நேரமும் புதுத்தண்ணி. உன் வண்டிக்குள்ள இருக்கறது அஞ்சாறு லிட்டரு. பம்பு தள்ள, இஞ்சின் சுவருக்குள்ள போயி, ஹெட்டுக்கு ஏறி, ரேடியேட்டர்ல இறங்கி, மறுபடி அதே பம்புக்கே வரணும். வருசக்கணக்கா அதே தண்ணி. நெருப்பு எரியுற எடத்துல சூடு 2,000 டிகிரிக்கு மேல. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிரும். நடுவுல நிக்கிறது இந்த அஞ்சாறு லிட்டருதான். நீ காசு குடுத்துப் போடுற பெட்ரோல்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சூடாகி இது தலையிலதான் விழுது. இம்புட்டு பாடுபடுறதுக்கு உப்புத்தண்ணிய ஊத்தி அனுப்புற பாரு, உன் தாராளத்த நெனச்சாப் புல்லரிக்குது.

வெறும் தண்ணிக்குப் பதிலா கூலன்ட் ஊத்துடான்னா, டீக்கடையில யாரோ சொன்னானாம், கூலன்டெல்லாம் பனி கொட்டுற தேசத்துக்குத்தான், நமக்கெதுக்குன்னு. அவன் சொன்னதுல பாதி நெசம். உறையாம பாத்துக்கிறதும் அதுக்கு ஒரு வேலைதான். கொதிக்காம பாத்துக்கிறதும், துருப்பிடிக்காம பாத்துக்கிறதும் அதே கூலன்ட்தான். கொடைக்கானல் 2,100 மீட்டர் ஒசரத்துல இருக்கு. அங்க அடுப்புல தண்ணி வச்சா 93 டிகிரியிலேயே கொதிச்சிரும். கூலன்டுக்கு மூலச்சரக்கான எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணி பாதின்னு கலந்தா, இங்க தரையில 106, 107 வரைக்கும் தாங்கும். ரேடியேட்டர் மூடி நல்லா இருந்து அழுத்தத்தப் புடிச்சு வச்சா 125 வரைக்கும் கூடத் தாங்கும். அந்த மூடி மேல 0.9, 1.1ன்னு ஒரு எண் போட்டிருக்கும், அதான் அது புடிக்கிற அழுத்தம். ரப்பர் வெடிச்சுப்போன மூடிய இன்னும் மாத்தாம வச்சுக்கிட்டு மலை ஏறுறவங்கதான் பாதி வழியில ஆவி பறக்க நிப்பாங்க. நீ அதைத் தொட்டே பாத்திருக்க மாட்ட. தொடுறதுன்னா காலையில வண்டி ஆறிக் கெடக்கும்போது தொடு. சூட்டுல திறந்தின்னா மூஞ்சி வெந்துரும், அப்புறம் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும்.

அதுக்காக ஆர்வக்கோளாறுல கூலன்டையே முழுசா ஊத்திராத. சூட்டைச் சுமக்கிறதுல தண்ணிய மிஞ்ச ஆள் கிடையாது, தனிக் கிளைக்கால் அந்த விசயத்துல மந்தம். கேன்ல ரெடி மிக்ஸ்னு போட்டிருந்தா அப்படியே ஊத்து. கான்சன்ட்ரேட்டுன்னா பேட்டரிக்கு விக்கிற டிஸ்டில்ட் வாட்டரைக் கல. பக்கத்துலயே பேட்டரி ஆசிட் கேனும் இருக்கும், அதைத் தூக்கிட்டு வந்துறாத. உன்னச் சொல்றதுக்கில்ல.

எப்ப மாத்துறதுங்கிறதுதான உன் கேள்வி? கிளைக்கால் லேசுல கெடாது. அதோட கலந்திருக்கிற துருத்தடுப்பு மருந்துதான் கொஞ்சங்கொஞ்சமா தீரும். அது தீந்துட்டா தண்ணி புளிச்சு, அலுமினியத்த அரிக்க ஆரம்பிச்சிரும். "வண்டி எங்க மாமா ஓடுது, வாரத்துக்கு ஒருநா கோயிலுக்குப் போனா உண்டு"ங்கிற கணக்கு இங்க செல்லாது. கொட்டகையில சும்மா நின்னாலும் வருசம் ஓடும்ல? பழைய வகைக் கூலன்டுக்கு 2 வருசம், இல்லாட்டி 40,000 கிலோமீட்டர், எது முந்துதோ அது. இப்ப வர்ற நெடுநாள் வகை 5 வருசம் வரைக்கும் தாங்கும். டொயோட்டாக்காரன் ரோஸ் கலர்ல ஒண்ணு ஊத்தி அனுப்புறான், அதுக்கு முதல் தடவை 1,60,000 கிலோமீட்டர், அப்புறம் 80,000 கிலோமீட்டருக்கு ஒருக்கான்னு கணக்கு. உன் வண்டிக்கு எதுன்னு கையேட்டுல இருக்கும். கிளவ் பாக்ஸ்ல பிளாஸ்டிக் உறை பிரிக்காம ஒரு பொஸ்தகம் கெடக்கே, டோல்கேட் சீட்டுக்கு அடியில, அதான்.

ஆனா உனக்கு அந்தப் பொஸ்தகமும் பத்தாது. முன்னால வண்டி வச்சிருந்த புண்ணியவான் எதை ஊத்தினான், எப்ப ஊத்தினான்னு யாருக்குத் தெரியும்? கம்பெனிக் கூலன்ட்தான்னு குலதெய்வத்து மேல சத்தியம் பண்ணியிருப்பான். வண்டி விக்கிறவன் சத்தியத்துக்குச் சாமியே கணக்கு வச்சுக்கிறதில்ல. ஒருக்கா எல்லாத்தையும் எறக்கி, டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி ஓடவிட்டு, அதையும் எறக்கிட்டு, புதுசா ஊத்து. ஊத்துனதும் ஹீட்டரைத் திறந்து வச்சு, உள்ள ஏர் லாக் இல்லாம காத்தை வெளியேத்தணும். மறுநா காலையில அளவு எறங்கியிருக்கும், திரும்ப நெரப்பு. தேதியை ஒரு சீட்டுல எழுதி பானட்டுக்கு அடியில ஒட்டு. அன்னையில இருந்துதான் உன் கணக்கு ஆரம்பம்.

கடையில போயி "பச்சைதான் இருந்துச்சு, பச்சை குடு"ன்னு கேக்காத. கட்சிக் கொடியப் பாத்துக் கொள்கைய கண்டுபிடிக்கிறவன்தான் கலரைப் பாத்துக் கூலன்ட் வாங்குவான். அது வெறும் சாயம். ஒரு கம்பெனி பச்சையில இருக்கற மருந்து இன்னொரு கம்பெனி பச்சையில இருக்காது. சேராத ரெண்டைச் சேத்தா, உள்ள கொழகொழன்னு கட்டி குழாயை அடைச்சுக்கும். கையேட்டுல என்ன வகை போட்டிருக்கோ அதக் கேட்டு வாங்கு.

கெளம்புறதுக்கு முந்தின நா காலையில டார்ச்சை எடுத்துக்கிட்டு வா, நானும் வர்றேன். தண்ணி டப்பாவுல ரெண்டு கோட்டுக்கு நடுவுல அளவு நிக்கணும். மாசாமாசம் எறங்குதுன்னா எங்கயோ ஒழுகுது, ஊத்தி ஊத்தி மறைக்காத. உள்ள செங்கல் நெறத்துல கலங்கி இருந்தாலோ, மேல எண்ணெய் மெதந்தாலோ பயணத்த ரத்து பண்ணு. ஹோஸ் குழாயை அமுக்கிப் பாரு, தொளதொளன்னு இருந்தாலும் மொறுமொறுன்னு இருந்தாலும் அது ஆகாது. கிளிப்பு ஓரத்துல வெள்ளையா, பச்சையா பொடி பூத்திருந்தா அங்க கசியுது. ஏசியப் போட்டா ஃபேன் சுத்துதான்னு காதக் குடுத்துக் கேளு. ரேடியேட்டர் முன்னால அடைச்சிருக்கிற பூச்சியையும் புழுதியையும் இஞ்சின் பக்கத்துல இருந்து மெதுவாத் தண்ணியடிச்சு வெளிய தள்ளு.

இன்னொண்ணு. வண்டி சூடாகுதுன்னு சொன்ன ஒடனே, தெர்மோஸ்டாட்ட புடுங்கிப் போட்டுரலாம் சார்னு எவனாவது ஒருத்தன் சொல்லுவான். புடுங்கிட்டா இஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே ரொம்ப நேரமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். நோவு ரேடியேட்டர்ல இருக்க, வைத்தியம் தெர்மோஸ்டாட்டுக்கு.

மலையில சூடு ஏறுச்சுன்னா ஏசிய நிறுத்து, ஹீட்டரை முழுசாப் போடு. வேர்த்து ஊத்தும், ஊத்தட்டும். அப்பயும் எறங்கலேன்னா ஓரங்கட்டி அணைச்சிட்டு, பானட்டை மட்டும் திறந்து வச்சு அரைமணி நேரம் காத்திரு. ஓடையில மொண்டு மேல ஊத்தாத, ஹெட்டு கீறல் விட்டுரும். தண்ணியே இல்லாம போச்சுன்னா சூட்டுமுள்ளும் சில நேரம் பொய் சொல்லும், ஆவியத்தான அது அளக்கும். உன் வண்டியில முள்ளே இல்ல, செவப்பு லைட்டு மட்டுந்தான். எரிஞ்சா வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்னு ஓட்டாத.

அப்புறம், எறக்குன பழசை என் தொழுவத்துப் பக்கம் கொட்டிராத. இனிப்பா இருக்கும், ஆடு, நாய், பூனை எல்லாம் நக்கும், சிறுநீரகம் போயிரும். கேன்ல புடிச்சு சர்வீஸ் சென்டர்ல குடு. என் செனையாட்டுக்கு ஏதாவது ஆச்சு, உங்கம்மா கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன், வண்டிச் சாவிய வாங்கி வச்சுக்கிட்டு ஆட்டு வெலைய எண்ணி வாங்கிட்டுத்தான் குடுப்பேன்.