உறையூரில் சாவி, ஸ்ரீரங்கத்தில் கார்

சாவியில்லாக் காரைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாகப் பேன்ட் போட்டவர். சாவியை எடுக்கவே வேண்டாம், அது பாட்டுக்குப் பையில் கிடக்கட்டும், கார் தானாகத் தெரிந்துகொள்ளும் என்று சொன்னால், பஞ்சகச்சம் கட்டியவர் "எந்தப் பையில்?" என்றுதான் முதலில் கேட்பார். 1990-களின் கடைசியில் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் இந்த வசதி வந்தபோது ஜெர்மனியில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து அந்தக் கேள்வி எங்கள் அத்திம்பேரின் காரில் ஏறி, ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதிக்கு வந்து சேர்ந்தது.

அத்திம்பேர் சென்னைவாசி. கார் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இன்னும் "புது வண்டி" என்றுதான் சொல்வார். உறையூரில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். லக்னப் பத்திரிகை வாசிக்கும் பொறுப்பு அவருக்கு, ஆகவே பஞ்சகச்சம், அங்கவஸ்திரம்; சட்டை கிடையாது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பத்து மணிக்கு வாசலுக்கு வந்து கதவின் கைப்பிடியைத் தொட்டார். வழக்கமாகக் 'கீக்' என்று சத்தம் போட்டுத் திறக்கிற கார், வாயே திறக்கவில்லை. ரிமோட்டை அமுக்கினார். கையை உயர்த்தி அமுக்கினார். பிறகு முகவாய்க்கட்டையில் வைத்து அமுக்கினார். அப்படிச் செய்தால் தூரத்தில் உள்ள காருக்கும் எட்டும் என்று கேள்விப்பட்டிருந்தாராம். கார் அரையடி தள்ளித்தான் நின்றது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வண்டி கிளம்பவில்லை என்றால் அது வண்டிக்காரரின் சொந்தப் பிரச்சினை இல்லை. அம்பாசிடர் காலத்திலிருந்து அப்படித்தான். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற ஒருவர், பின்னால் தள்ள நாலு பேர், "செகண்ட் கியர்ல விடு, செகண்ட்ல விடு" என்று கத்த ஒருவர். இந்தக் கத்துகிறவருக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. 1912-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின்சார ஸ்டார்ட்டரைக் கேடிலாக் காரில் வைத்து, ஹேண்டில் சுற்றுகிற வேலையை ஒழித்தார்கள். தள்ளுகிற வேலையை அவர்களாலும் ஒழிக்க முடியவில்லை. அதை ஒழித்தது அத்திம்பேர் கார்தான். ஆட்டோமேட்டிக் கியர், 'பி'-யில் நிற்கிறது, சக்கரம் நகராது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த நாலு பேரும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

எதிர்வீட்டுப் பொன்மலை மாமா வந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த ஒர்க்‌ஷாப் அது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்து கொடுத்ததும் அதுதான். மாமா காரைச் சுற்றி வந்தார். "நான் பார்த்த எஞ்சினெல்லாம் கிளம்ப மூணு மணி நேரம் ஆகும். ஆனா கிளம்பிடும்" என்றார். அத்திம்பேர் முகத்தில் ராகு காலத்துக்கு முன்பே ராகு வந்துவிட்டது.

ரிமோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்த மாமா, ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குமிழை நகர்த்தினார். உள்ளிருந்து ஒரு நிஜச் சாவி வந்தது. பல் வைத்த, இரும்புச் சாவி. இரண்டு வருஷமாக அது அங்கே இருப்பது அத்திம்பேருக்குத் தெரியாது. அதை நுழைக்க ஓட்டை வேண்டுமே? அதையும் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். சாவியில்லாக் காரை விற்கிறவர்கள் சாவியையும் வைக்கிறார்கள், பூட்டையும் வைக்கிறார்கள்; வாங்கியவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சாவி போட்டுக் கதவைத் திறந்ததும் கார் ஊளையிட ஆரம்பித்தது. ரிமோட் சொல்லாமல் கதவு திறந்தால் அதன் கணக்கில் அது திருட்டு. நாலு விளக்கும் மின்ன, ஹாரன் விட்டு விட்டு அலற, படுத்திருந்த மாடு எழுந்து போயிற்று. உள்ளே இருந்த மாமிகள் வெளியே வந்தார்கள். ஸ்டாண்டிலிருந்து வந்த ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "பேட்டரி நல்லாருக்கு சார். இவ்வளவு சத்தமா அடிக்குதுல்ல? பேட்டரி போயிருந்தா 'டிக் டிக் டிக்'குனு முனகும், லைட்டு மங்கும். கோளாறு வண்டியில இல்ல, உங்க கையில." அன்று காலையில் தெருவில் பேசப்பட்டதில் உருப்படியான முதல் வாக்கியம் இதுதான்.

அத்திம்பேர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினார். சாவி இல்லை என்று எழுத்து ஓடியது. "இதோ இருக்கே!" என்று ரிமோட்டை ஸ்டியரிங்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். கார் நம்பவில்லை. மறுபடி பிரேக், மறுபடி பட்டன். பிரேக் கட்டை மாதிரி இறுகிக்கொண்டது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால், அதை மிருதுவாக வைத்திருக்கிற வெற்றிடம் தீர்ந்துபோய்ப் பெடல் கெட்டியாகிவிடும். சில கார்களில் பெடல் போதிய அளவு இறங்காததாலேயே பட்டன் வேலை செய்யாது. பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். இதெல்லாம் டாஷ்போர்டுப் பெட்டியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பொன்மலை மாமா உறையைப் பிரித்து, மூக்குக் கண்ணாடி போட்டு, பாராயணம் செய்கிற ராகத்தில் வாசித்தார். அலாரம் சுருதி கொடுத்தது. "ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலே ஒட்டி வைக்கவும், பிரேக்கை அழுத்தவும்..." வைத்தார், அழுத்தினார், ஊளை நின்றது, எஞ்சின் பிடித்தது. தெரு கை தட்டியது. மணி பத்து இருபது.

நடந்தது இதுதான். கைப்பிடியைத் தொட்டதும், பட்டனை அமுக்கியதும் கார் ஒரு சின்ன ரேடியோக் கேள்வி கேட்கிறது. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். கார் கேட்பது அதைவிடத் தாழ்ந்த, சுமார் 125 கிலோஹெர்ட்ஸில். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு மேல் எட்டக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண். ரிமோட் அதைத் தன் ரகசியக் கணக்கில் போட்டு, 433 மெகாஹெர்ட்ஸில் விடை அனுப்ப வேண்டும். விடை அனுப்பத் தெம்பு தருவது உள்ளே இருக்கும் செல். அது தீர்ந்தால், கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது. பட்டனில் ஒட்டி வைத்தால் மட்டும், அங்கிருக்கும் கம்பிச் சுருளிலிருந்து தூண்டப்படும் துளி மின்சாரத்தில், செல் இல்லாமலேயே ரிமோட் தன் அடையாளத்தைச் சொல்லிவிடும்.

எஞ்சினை நிறுத்தமாட்டேன் என்று அத்திம்பேர் பிடிவாதமாக உட்கார்ந்திருக்க, ராஜகோபுரத்துப் பக்கம் ஒரு வாட்ச் கடையில் செல் வாங்கினேன். சிஆர் 2032: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். அளவே பெயராக இருப்பதால் மறக்காது. கடைக்காரர் நகத்தால் நெம்பிப் பழையதை எடுத்தார். புதியதை நான் எடுக்கப் போனபோது, "வெரல் பிசுக்கு படக் கூடாதுங்க" என்று தன் கையாலேயே ஓரத்தைப் பிடித்துப் போட்டார். பல லட்ச ரூபாய்க் கார் ஒரு காப்பிக் காசில் உயிர் பெற்றது.

இதற்கு நடுவில் அக்காவின் எவர்சில்வர் சம்படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரவில் ரிமோட்டை அதில் போட்டு இறுக மூடிப் பூஜை அலமாரியில் வைப்பாள். வாட்ஸப்பில் வந்த யோசனைதான், ஆனால் வாட்ஸப்பில் வருவதிலும் அபூர்வமாக உண்மை இருக்கிறது. 2011-ல் சூரிச்சில் ஆராய்ச்சியாளர்கள், எட்டுக் கம்பெனிகளின் பத்து வகைக் கார்களை, காருக்கும் சாவிக்கும் நடுவே சிக்னலைக் கடத்தியே திறந்து கிளப்பிக் காட்டினார்கள். சாவி வீட்டுக்குள் இருக்கும். பக்கத்தில் இருப்பதாகக் கார் ஏமாறும். உலோக டப்பா அந்தப் பேச்சை மறித்துவிடும். அதெல்லாம் சரி. சித்திரை வீதியில் அப்படி ஒரு திருடன் கருவியோடு வந்து நின்றால், "யார் ஆத்துக்கு வந்தேள்?" என்று நாலு திண்ணை கேட்கும். அதற்குப் பதில் சொல்ல எந்தக் கருவியும் இல்லை.

உறையூர் மண்டப வாசலில் ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டபடி அக்காவை இறக்கினார் அத்திம்பேர். ராகு காலம் கழிந்து பன்னிரண்டுக்குப் பிறகுதான் வருவேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவை அழைத்துவர மறுபடி ஸ்ரீரங்கம் போக வேண்டும். அக்கா இறங்கி நாலு எட்டு வைத்ததும் கார் மூன்று தடவை கத்தியது. "பெல்ட் போடு" என்றார் என்னைப் பார்த்து. போட்டுத்தான் இருந்தேன். 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தைத் தாண்டி, மாம்பழச்சாலை கடந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். பெரியம்மா மெதுவாக ஏறி, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, "போலாம் மாப்ளே" என்றாள்.

சாவி இல்லை என்று எழுத்து ஓடியது. இந்தத் தடவை கார் சொன்னது உண்மை.

இடுப்பைத் தடவினார், அங்கவஸ்திரத்தை உதறினார். ரிமோட் அக்காவின் கைப்பையில், காவிரிக்கு அந்தக் கரையில். சட்டையில்லாதவர் வேறு எங்கே வைப்பார்? பழைய சாவிக்கு இந்தத் தொல்லை இல்லை; வண்டி ஓடுகிறவரை அது வண்டியிலேயே குத்திக்கொண்டிருந்தாக வேண்டும். சாவி இறங்கிப் போனாலும் இந்தக் கார் ஓடும். ஓடாமல் நிற்க வைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ரிமோட் செல் பாலத்தின் நடுவில் தீர்ந்தால் கார் பாலத்தின் நடுவிலேயே நின்றுவிடுமே என்றுதான் விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கத்துகிறது. கத்தினால் நாம் பெல்ட் போடுகிறோம்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு ரிமோட் குடுப்பானே, இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்கு" என்றார் அத்திம்பேர். சென்னையில், பாங்க் லாக்கரில்.

பெரியம்மா காரை விட்டு இறங்கவில்லை. "உறையூர் போயிட்டு வந்தா இதான் கதி" என்றாள். ஸ்ரீரங்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுவார். திரும்பி வந்து, பங்குனி உத்திரத்தன்று தாயார் சந்நிதிக்குப் போனால், முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படும். மட்டையடி என்று பெயர். பூவும் பழமும் வெண்ணெயும் உள்ளேயிருந்து வந்து விழும். இரண்டு தரப்பு வாதமும் படிக்கப்படும். தொலைந்த கணையாழியைத் தேடிப் போனேன் என்பது பெருமாள் தரப்பு வாதம். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைத்த பிறகுதான் கதவு திறக்கும். "அவருக்கே திறக்கலை, நீங்க எம்மாத்திரம் மாப்ளே" என்று பெரியம்மா முடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து விசிறியை எடுத்தாள்.

எங்களுக்கு நம்மாழ்வாராக வாய்த்தவர் காலையில் வந்த அதே ஆட்டோக்காரர். போய் வாங்கிவரக் கிளம்பினார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். கைப்பை மணப்பெண் அறையில் இருக்கிறது, நகை இருப்பதால் அறையைப் பூட்டியிருக்கிறார்கள் என்றாள். பூட்டு திண்டுக்கல் பூட்டு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே வம்சம். வேறு சாவி போட்டால் அசையாது. அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளைத் தோழன் முயன்று பார்த்துத் தோற்றிருந்தான். அதன் சாவி எங்கே? சம்பந்தி மாமியின் இடுப்பில், வெள்ளிக் கொத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ரிமோட் தனியாக ஆட்டோவின் பின்சீட்டில் வந்து இறங்கியது. எவ்வளவு என்று கேட்டார் அத்திம்பேர். "போக ஒரு சவாரி, வர ஒரு சவாரி சார். காலையில சொன்ன யோசனைக்கு ஒண்ணும் வேணாம்" என்றார் ஆட்டோக்காரர். அதையும் சேர்த்தே கொடுத்தார்.

அன்று ராத்திரி அத்திம்பேர் ஒரு முடிவுக்கு வந்தார். இரும்புப்பெட்டிச் சாவியைப் பூணூலில் முடிந்து வைக்கிற வழக்கம் எங்கள் தாத்தா வரையில் இருந்தது; தூங்கும்போதுகூடச் சாவி அவரை விட்டு இறங்காது. அதே முறையில் ரிமோட்டும் பூணூலில் ஏறியது. மார்பில் பெரிய பதக்கமாகத் தொங்கியது. குனிந்தால் பட்டன் அழுந்தி, வாசலில் கார் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. சாஷ்டாங்கமாக நமஸ்காரம் செய்தபோது டிக்கி திறந்துகொண்டது.

மறுநாள் காலை அம்மா மண்டபத்துக்குக் காவிரி ஸ்நானத்துக்குக் கிளம்பினார்.

"அதைக் கழட்டி வெச்சுட்டுப் போங்கோ, தண்ணி பட்டா போயிடும்" என்றாள் அக்கா.

"யார்கிட்டக் கழட்டிக் குடுக்கறது?" என்றார்.

பெரியம்மா விசிறிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பொன்மலை மாமாவுக்குத் திடீரென்று பேப்பரில் ஏதோ முக்கியமான செய்தி கிடைத்தது. நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.